தம்பி ஒட்டிய கேப்

காலை ஆறு மணி பத்து நிமிடம். மாடியிலிருந்து இறங்கிச் சமையலறைக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு பல். எவர்சில்வர் மூடி ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் அந்தப் பல் குழிப்பக்கம் மேலே தெரியும்படி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு துண்டு உப்புத்தாள், கொஞ்சம் பஞ்சு, தம்பி மனைவி தலை உலர்த்தும் டிரையர், மாத்திரை டப்பா அளவில் ஒரு சின்ன டப்பா. டப்பாவிலிருந்து கிளம்பிய வாசனை மூக்கை அரித்தது.

"தொடாதக்கா. காயட்டும்," என்றான் தம்பி.

கம்பெனிச் சட்டை போட்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி, வேலைக்குக் கிளம்பத் தயாராக நின்றுகொண்டிருந்தான். வாயின் இடது பக்கத்தில் பஞ்சு அடக்கியிருந்ததால் சொற்கள் குழறின.

"இன்னாடா இது?"

"கேப்பு. நேத்து கழண்டுச்சி."

"டாக்டர்கிட்ட போவாம இங்க இன்னா பண்ணிக்கினு இருக்கிற?"

"ஒட்டப் போறேன்."

தம்பி ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் பேஸ்டிங் பிரிவில் வேலை செய்கிறான். ஷூவின் மேல்பாகத்தையும் அடியில் வரும் சோல் பாகத்தையும் ஒன்றாக ஒட்டும் பிரிவு அது. கல்யாணத்துக்கு முன்பு கையில் பிரஷ்ஷோடு சேர்ந்தவன், இப்போது ஒரு லைனுக்குப் பொறுப்பாளன். அங்கே வேலை நடக்கும் வரிசையை அவன் சொல்லச் சொல்ல எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. முதலில் ஒட்ட வேண்டிய இடத்தைத் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். பிறகு துடைக்க வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் சொல்யூஷன் பூச வேண்டும். பசையை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். பூசியதும் ஒட்டிவிடக் கூடாது. விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, சூடு காட்டி, அதன் பிறகு பொருத்தி, பிரஸ்ஸில் வைத்து அழுத்த வேண்டும். இதில் எந்தப் படியைத் தாண்டினாலும் சோல் வாய் பிளக்கும். கடல் தாண்டிப் போன ஷூ வாய் பிளந்து திரும்பி வருவதைவிடப் பெரிய அவமானம் அவன் பிரிவில் கிடையாது.

மூடிமேல் இருந்த பல்லுக்கும் அதே வரிசையில்தான் வேலை நடந்திருந்தது.

அந்தத் திங்கட்கிழமைதான் கேப் போட்டிருந்தார்கள். கடைவீதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சின்ன கிளினிக். டாக்டர் முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டார். தெளிவாகவும் மெதுவாகவும் பேசும் பெண். தம்பிக்கு ஊசி என்றால் தலை சுற்றும் என்பதால் ஒவ்வொரு தடவையும் நான் துணைக்குப் போனேன். இடது கீழ்ப்பக்கக் கடைவாய்ப் பல். சொத்தை ஆழமாகப் போய், வேர் சிகிச்சை முடிந்து, மிச்சமிருந்ததைச் செதுக்கி, அதன்மேல் மூடியாகப் பல் நிறத்தில் கேப்.

போட்டு முடித்ததும் டாக்டர் அவனுக்குக் கண்ணாடியைக் காட்டிச் சொன்னார்.

"அண்ணா, நல்லா கேட்டுக்கோங்க. வலது பக்கம் கீழ ரெண்டு பல்லு ஏற்கெனவே எடுத்துட்டீங்க. அந்தப் பக்கம் மெல்ல முடியாது. இந்தப் பக்கம் மெல்லுறதுக்கு இருக்கிறது இந்த ஒரு பல்லுதான். உள்ள பல்லோட சுவர் ரொம்ப மெலிசா இருக்குது. கேப்பு போனா வேற கேப்பு செஞ்சிக்கலாம். உள்ள இருக்கிற பல்லு உடைஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது, எடுக்க வேண்டியதுதான்."

"கறி சாப்பிடலாமா டாக்டர்?" தம்பி கேட்ட முதல் கேள்வி அது.

"சாப்பிடலாம். இன்னைக்கு வேணாம். எலும்பு கடிக்கிற வேலை எப்பவுமே வேணாம்."

"எலும்பு இல்லாம இன்னா கறி," என்றான், என்னைப் பார்த்து.

டாக்டர் சிரிக்கவில்லை. மிச்சத்தையும் சொன்னார். இன்றைக்கு இந்தப் பக்கம் மெல்லக் கூடாது. ஈறு இரண்டு நாள் வலிக்கும், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். பல் தேய்ப்பதை விட்டுவிடக் கூடாது; கேப்பும் ஈறும் சேரும் ஓரத்தில்தான் அழுக்கு தங்கும். பல் இடுக்கில் நூல் விட்டுச் சுத்தம் செய்யும்போது நூலை மேலே இழுக்கக் கூடாது, பக்கவாட்டில் உருவ வேண்டும்.

"நூலு வேலை எல்லாம் ஸ்டிச்சிங் செக்‌ஷன் டாக்டர். நான் பேஸ்டிங்," என்றான் தம்பி.

இதற்கு அவர் சிரித்தார். பிறகு கடைசியாக மூன்று விஷயம் சொன்னார். பல்லில் ஒட்டிக்கொள்ளும் பண்டம் எதையும் தின்ன வேண்டாம். வாயை மூடும்போது அந்தப் பல் மட்டும் முதலில் இடிக்கிற மாதிரி இருந்தால் அன்றைக்கே வர வேண்டும். கேப் கழன்றால் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

"இப்ப தற்காலிக சிமெண்ட்டுலதான் வெச்சிருக்கேன். ஒரு வாரம் கடிச்சுப் பாருங்க. எல்லாம் சரியா இருந்தா அடுத்த திங்கக்கிழமை நிரந்தரமா ஒட்டிடலாம். நடுவுல கழண்டா பயப்படாதீங்க. ஆனா நீங்களா எதையும் வெச்சு ஒட்டாதீங்க. கடையில விக்கிற பசை எல்லாம் வேணவே வேணாம்."

படி இறங்கும்போது தம்பியின் முகம் மாறியிருந்தது. தெருவுக்கு வந்ததும் ஆரம்பித்தான்.

"கழண்டா வாங்கன்னு சொல்றாங்களே அக்கா. கழண்டு போற மாதிரி ஒட்டறதுக்குப் பேரு ஒட்டா?"

"கடி சரியா இருக்குதான்னு பார்க்கத்தான்டா. சரியில்லன்னா கழட்டித் திருத்தணும்ல."

"நாங்க அப்படி ஒட்டினா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடமும் இதையே சொன்னான். அவள் ரசம் வைத்திருந்தாள். "டாக்டருக்கே வேலை சொல்லிக் குடுப்பீங்க போலக்குது," என்று சோற்றைக் குழையப் பிசைந்து தட்டில் வைத்தாள்.

அடுத்த மூன்று நாளும் ஒழுங்காக இருந்தான். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தான். ஓரத்தில் மெதுவாகத் தேய்த்தான். ஆனால் நாக்கை அவனால் கட்டுப்படுத்த முடியவில்லை. பேசாமல் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் இடது கன்னம் உள்ளிருந்து புடைக்கும். நாக்கு கேப்பைத் தள்ளிப் பார்க்கிறது என்று அர்த்தம். கம்பெனியில் ஒட்டி முடித்த ஷூவைக் கட்டைவிரலால் நெம்பிப் பார்ப்பது அவன் வேலை. அதையே இங்கும் செய்துகொண்டிருந்தான்.

அது நோன்பு மாதம். சரக்கைக் கப்பலில் ஏற்றும் வாரம் வேறு. லைனில் எல்லோரும் பொழுது சாய்ந்த பிறகும் கூடுதல் நேரம் வேலை பார்த்தார்கள். நோன்பு இருப்பவர்கள் கேன்டீன் ஓரத்தில் பாய் விரித்து, மசூதியில் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம் வாயில் போட்டு நோன்பு திறப்பார்கள். தங்களுக்கு எடுத்ததும் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். நோன்பு இல்லாதவர்களும் அதை வாங்கிக்கொள்வார்கள். வேண்டாம் என்று அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சர்க்கரை வியாதி உள்ளவர்கள்கூட வாங்கிப் பாதியைக் கடித்துவிட்டு மிச்சத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள்.

தம்பிக்குக் கொடுத்தவர் அவனுடைய லைனிலேயே ஹீட்டர் பார்க்கும் பாய். இருவரும் ஒரே வருடம் சேர்ந்தவர்கள். ஒருவரையொருவர் தோஸ்த் என்றுதான் கூப்பிடுவார்கள். வியாழக்கிழமை அவர் நீட்டிய பழத்தைத் தம்பி வாங்கி வாயில் போட்டான். வலது பக்கம் மெல்லப் பல் இல்லை. இடது பக்கம் மென்றான். கொட்டையைத் துப்பியபோது உள்ளங்கையில் கெட்டியாக இரண்டு விழுந்தன.

"இன்னா தோஸ்த், ஒரு பழத்துல ரெண்டு கொட்டையா?" என்றாராம் பாய். பிறகு உற்றுப் பார்த்துவிட்டு, "அல்லா, இது பல்லுல்ல!" என்று பதறினாராம்.

கம்பெனி பஸ் ஊருக்குள் வந்தபோது கிளினிக் பூட்டியிருந்தது. தம்பி வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கஞ்சி வேண்டும் என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டான். சொல்யூஷன் டப்பாவைக் கைக்குட்டையில் சுற்றி லைனிலிருந்தே கொண்டுவந்திருந்தான் என்பது காலையில்தான் தெரிந்தது.

மறுபடி சமையலறை. நான் டாக்டருக்குப் போன் செய்யச் சொன்னேன்.

"கிளினிக் பத்து மணிக்குத்தான் திறப்பாங்க. எனக்கு ஏழு மணிக்கு பஸ்ஸு. ஷிப்மெண்ட் வாரத்துல ஏற்கெனவே அரை நாள் லீவு போட்டாச்சி. இன்னிக்கும் போனா லைன யாரு பாக்கிறது?"

"கேப்ப டப்பாவுல போட்டு எடுத்துக்கினு சாயந்திரம் பெர்மிஷன் போட்டு போ. ஒரு நாள் இல்லன்னா இன்னா ஆயிடும்?"

"வெறும் குச்சி மாதிரி நிக்குதுக்கா. தண்ணி பட்டா கூசலன்னாலும் நாக்குல குத்துது. மேல மூடி இல்லாம விட்டா உடைஞ்சிடாதா? அவங்கதானே சொன்னாங்க, சுவர் மெலிசுன்னு?"

"நீங்களா ஒட்டாதீங்கன்னும் அவங்கதான் சொன்னாங்க."

"கடையில விக்கிற பசை வேணாம்னாங்க. இது கடையில விக்கிறது இல்ல. கெட்டியா பிடிக்க ஹார்டனர் கலந்தது. இதுல ஒட்டின ஷூவ போட்டுக்கினு பனியில நடக்கிறாங்கக்கா வெளிநாட்டுல. என் வாயி இன்னா பனியவிட ஜாஸ்தியா?"

அதற்குள் அவன் மனைவி உள்ளே வந்தாள். பல்லைப் பார்க்கவில்லை, டிரையரைத்தான் பார்த்தாள்.

"இன்னாங்க, என் டிரையர இன்னா பண்றீங்க?"

"சூடு காட்டணும்."

"எதுக்கு?"

அவன் வாயைத் திறந்து காட்டினான். அவள் எட்டிப் பார்த்தாள். "அக்கா, நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?" என்றாள். "சொல்லிக்கினுதான் இருக்கேன்," என்றேன். அவன் டிரையரைப் போட்டுவிட்டான். அந்தச் சத்தத்தில் எங்கள் இருவர் பேச்சும் அவனுக்குக் கேட்கவில்லை.

செய்ய வேண்டியதை வரிசையாகச் செய்தான். வாயிலிருந்த பஞ்சை எடுத்தான். பல்லின் மிச்சத்தைப் புதுப் பஞ்சால் துடைத்தான். தீக்குச்சி முனையில் சொல்யூஷனைத் தொட்டு, கண்ணாடியைப் பார்த்தபடி பல்மேல் பூசி, வாயைத் திறந்தபடியே நின்றான். எச்சில் ஊறும்போதெல்லாம் பஞ்சை வைத்து ஒற்றினான். கேப்பின் உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பூசி வைத்திருந்தது ஏற்கெனவே காய்ந்திருந்தது. அதற்கு டிரையரால் சூடு காட்டி, விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு கேப்பை எடுத்துப் பல்மேல் வைத்தான்.

கடைசிப் படி பாக்கி இருந்தது. சட்டைப்பையிலிருந்து சோலுக்கு வெட்டும் தோலில் ஒரு துண்டை எடுத்தான். இரண்டாக மடித்து இடது பக்கம் வைத்துக் கடித்தான். தாடை எலும்பு துடித்தது. கழுத்து நரம்பு தெரிந்தது. பஸ்ஸின் ஹாரன் கேட்கும்வரை கடித்துக்கொண்டிருந்தான்.

தோலை எடுத்துவிட்டு வாயை மூடித் திறந்தான். மறுபடி மூடினான்.

"எப்படிக்குது?" என்றாள் மனைவி.

"நிக்குது."

"இடிக்குதா?"

"கொஞ்சம். போவப் போவ அமுங்கிடும்."

டிரையரின் வாயில் சொல்யூஷன் ஒட்டியிருந்தது. அவள் அதைத் துணியால் துடைத்துப் பார்த்தாள். வரவில்லை.

பகலில் நடந்ததை நான் பார்க்கவில்லை. அவன் சொன்னதையும், பிறகு பாய் சொன்னதையும் ஒப்பிட்டு எழுதுகிறேன். வேலை ஆரம்பித்தபோதே அவனால் வாயை முழுதாக மூட முடியவில்லை. இடது பக்கம் அந்த ஒரு பல் மேல்பல்லை முதலில் தொட்டது, மற்றவை சேரவில்லை. "இன்னா தோஸ்த், மூஞ்சி ஒரு பக்கம் தூக்கினு நிக்குது?" என்று பாய் கேட்டிருக்கிறார். தம்பி விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். பாய் லைனிலேயே உட்கார்ந்து சிரித்திருக்கிறார். "தேய்ச்சியா?" "தேய்ச்சேன்." "காயவிட்டியா?" "விட்டேன்." "ஹீட்டு?" "டிரையர்." "அப்ப பிரஸ் பத்தல, தோஸ்த்," என்றாராம். கேலியாகச் சொன்னதாக பாய் சொல்கிறார். தம்பி அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் தோல் துண்டை மறுபடி மடித்து வாயில் வைத்தான். இந்த முறை தாடைக்குக் கீழே உள்ளங்கையையும் கொடுத்து மேலே அழுத்தினான். அப்போது ஒரு சத்தம் வந்தது. மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்த பாய்க்கும் கேட்டது. எப்படிப்பட்ட சத்தம் என்பதில் இருவரும் ஒத்துப்போகிறார்கள்: பட்டாணி உடைகிற சத்தம்.

வலி அதற்குப் பிறகுதான் வந்தது. வேர் சிகிச்சை செய்த பல்லில் நரம்பு கிடையாது. வலித்தது ஈறும் எலும்பும். நான்கு மணிக்குப் பெர்மிஷன் வாங்கிக்கொண்டு, எனக்குப் போன் செய்துவிட்டு, கிளினிக்குக்கு வந்தான். நான் போனபோது கன்னத்தில் கை வைத்தபடி படியில் உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் நாற்காலியைச் சாய்த்து, விளக்கை இழுத்து, குனிந்தார். மாஸ்க் போட்டிருந்தும் நிமிர்ந்துவிட்டார்.

"இன்னா வாசனை இது?"

"சொல்யூஷன் டாக்டர்."

"எந்த சொல்யூஷன்?"

"கம்பெனியில... சோல் ஒட்டுறது." சொல்லிவிட்டு அவசரமாகச் சேர்த்தான்: "ஹார்டனர் கலந்துதான் போட்டேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று நான் தலையை அசைத்தேன். அவர் கையுறையை மாற்றிக்கொண்டார்.

கேப்பை எடுக்க நேரம் ஆனது. சின்ன கொக்கியால் ஓரத்தில் பிடித்துத் தட்டினார். நகரவில்லை. வேறொன்றை எடுத்தார். தம்பியின் கை நாற்காலியின் கைப்பிடியை இறுக்கியது. கடைசியில் மெல்ல ஆட்டி ஆட்டி எடுத்து, சின்னத் தட்டில் போட்டார். தம்பி எழுந்து உட்கார்ந்து, வாயைத் துடைக்காமலேயே தட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தான். நானும் பார்த்தேன். கேப்புக்குள் சொல்யூஷன் தேன் நிறத்தில் தோலாகப் படிந்திருந்தது. அதில் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெளிறிய ஒரு சில்லு ஒட்டியிருந்தது.

"இது கேப்பா டாக்டர்?"

"இல்லண்ணா. உங்க பல்லு."

அவன் அந்தச் சில்லை விரல் நகத்தால் நெம்பினான். வரவில்லை.

"ஒட்டு விடல," என்றான், மெதுவாக.

கம்பெனியில் ஒட்டைச் சோதிக்க ஒரு இழுக்கும் மெஷின் உண்டு. மேல்தோலையும் சோலையும் எதிர்ப்பக்கமாக இழுப்பார்கள். ஒட்டு பிரிந்தால் அந்தச் சரக்கு தள்ளுபடி. ஒட்டு பிரியாமல் தோல் கிழிந்தால் தேறியது.

டாக்டர் ஒரு எக்ஸ்ரே எடுத்துத் திரையில் காட்டினார். பொறுமையாகத்தான் சொன்னார். தான் வைத்த சிமெண்ட் மாவு மாதிரி இளகி, கேப் முழுதாகக் கீழே உட்கார இடம் விடும். அவன் போட்டது காய்ந்த பிறகு ஒட்டுவது. அது இடம் விடாது. கேப் ஒரு காகிதக் கனம் தூக்கி நின்றிருக்கிறது. வாயை மூடும்போதெல்லாம் மொத்த பலமும் அந்த ஒரு பல்லில் விழுந்திருக்கிறது. அதோடு தோலையும் வைத்துக் கடித்திருக்கிறான்.

"காகிதக் கனம்தானா?" என்றான்.

"அது போதும்ணா."

"இன்னொரு கேப்பு போட முடியாதா? கீழ பல்லு மிச்சம் இருக்குதே."

திரையில் பல்லின் நடுவிலிருந்து கீழே இறங்கும் மெல்லிய கருப்புக் கோட்டை டாக்டர் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். கோடு ஈறின் விளிம்பைத் தாண்டி வேருக்குள் போயிருந்தது.

"மேல மட்டும் உடைஞ்சிருந்தா ஏதாச்சும் பண்ணியிருப்பேன். இது வேர் வரைக்கும் பிளந்திருக்குது. உள்ள வெச்சிருந்தா சீழ் பிடிக்கும். எடுத்துடலாம். புண்ணு ஆறி எலும்பு கூடட்டும். சில மாசம் கழிச்சு, வேற பல்லு பதிக்க முடியுமான்னு பாக்கலாம்."

"அது வரைக்கும்?"

"மெத்துன்னு சாப்பிடுங்க."

தம்பி தட்டில் கிடந்த கேப்பைப் பார்த்தபடி இருந்தான். "சரி டாக்டர்," என்றான். பல்லை எடுக்க ஊசி போடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான். தலை சுற்றவில்லை என்று பிறகு சொன்னான்.

வீட்டில் அவன் மனைவி திட்டவில்லை. இடியாப்பம் பிழிந்து தேங்காய்ப்பாலில் ஊறவைத்திருந்தாள். கன்னத்தில் பஞ்சு அடக்கியிருந்தவனால் அதை அன்று சாப்பிட முடியவில்லை. மறுநாள் ஏழு மணி பஸ்ஸுக்குப் போனான். ஷிப்மெண்ட் குறித்த நாளில் கிளம்பியது.

நோன்புப் பெருநாளன்று மதியம் பாய் வீட்டிலிருந்து ஒரு பெரிய தூக்கு நிறைய பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் வந்தன. நாங்கள் மூவரும் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தம்பி சோற்றைச் சாப்பிட்டான். கறித்துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து என் தட்டில் வைத்தான்.